லண்டனைவிட அதிக மழை பெய்தும் ராமநாதபுரம் ஏன் காய்கிறது?

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டித் தீர்த்தது. லண்டன் மாநகரம் அவ்வளவு மழையைக் காண ஏறக்குறைய எட்டு மாதம் ஆகும். ஆண்டுக் கணக்கை எடுத்தாலும் நிலைமை இதுதான். ராமநாதபுரம் மாவட்டத்தின் சராசரி மழை சுமார் 827 மில்லிமீட்டர். லண்டனின் சராசரி சுமார் 600.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே பார்க்கிறவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்பு. ‘தண்ணியில்லாக் காடு’ என்று பெயர் வாங்கிய மாவட்டத்தில் மழை அதிகம். எப்போதும் நசநசவென்று தூறும் ஊர் என்று நாம் நினைக்கும் லண்டனில் மழை குறைவு. கணக்கில் பிழை இருக்குமோ என்று தோன்றும். பிழை இல்லை. ஓர் ஊரின் ஈரத்தை மழையின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன. எப்போது பெய்கிறது, பெய்தது எவ்வளவு காலம் நிற்கிறது, அதை எத்தனை பேர் பங்கிடுகிறார்கள் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மில்லிமீட்டர் என்றால் என்ன?

மழையை ஏன் நீள அளவையால் அளக்கிறார்கள் என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம். ஒரு சமதளத்தில் விழுந்த மழை ஓடாமலும் ஊறாமலும் ஆவியாகாமலும் அப்படியே நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதே மழையளவு. ஒரு சதுர மீட்டர் மொட்டை மாடியில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். 827 மி.மீ. என்றால் அதே இடத்தில் ஆண்டுக்கு 827 லிட்டர்.

சராசரி என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். பல ஆண்டு மழையைக் கூட்டி வகுத்த எண் அது. 1,200 மி.மீ. பெய்த ஆண்டும் 450 மி.மீ. பெய்த ஆண்டும் சேர்ந்தால் சராசரி 825தான் வரும். ஆனால் முதல் ஆண்டில் பயிர் அழுகும், இரண்டாம் ஆண்டில் பயிர் கருகும். சராசரி மழையை நம்பி எந்த விவசாயியும் விதைப்பதில்லை.

இருப்பிடம்: சித்திரை முதல் நாளில் நிழல் எங்கே போகிறது?

ராமேஸ்வரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 9.3 டிகிரியில் இருக்கிறது. லண்டன் 51.5 டிகிரியில். ஒரு டிகிரிக்குச் சுமார் 111 கிலோமீட்டர் என்று கணக்கிட்டால், லண்டன் நம்மைவிட ஏறக்குறைய 4,700 கி.மீ. வடக்கே இருக்கிறது.

இந்தத் தூரத்தின் பொருளை ஒரு கம்பை நட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். சித்திரை பிறக்கும் ஏப்ரல் 14ஐ ஒட்டி, நண்பகல் 12 மணி 13 நிமிட அளவில், ராமேஸ்வரத்துக் கடற்கரையில் நேராக நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் ஒரு முறை இப்படி நடக்கும். லண்டனில் சூரியன் ஒருநாளும் உச்சிக்கு வருவதில்லை. ஜூன் மாதத்தில்கூட 62 டிகிரி உயரம்தான். டிசம்பரில் வெறும் 15 டிகிரி. அன்று நண்பகலில் நட்ட கம்பின் நிழல் கம்பைப் போல் கிட்டத்தட்ட நாலு மடங்கு நீளம் விழும்.

சாய்ந்து விழும் வெயில் அதிக நிலப்பரப்பில் பரவி வலுவிழக்கிறது. நேராக விழும் வெயில் ஒரே இடத்தில் இறங்குகிறது. நமக்கு மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். லண்டனில் ஜூன் பகல் பதினாறரை மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பர் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. அதனால்தான் பாம்பனில் ஜனவரியின் சராசரி வெப்பத்துக்கும் மே மாதச் சராசரிக்கும் நான்கைந்து டிகிரிதான் வேறுபாடு. லண்டனில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையே சுமார் 13 டிகிரி. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்ததற்கும் இந்த வெயில்தான் மூலதனம். ஆனால் தண்ணீர்க் கணக்கில் அதே வெயில் செலவுப் பக்கத்தில் வருகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதிகபட்ச வெப்பத்தை மட்டும் வைத்து ஓர் ஊரை வெப்பமான ஊர் என்று முடிவு கட்டக்கூடாது. 2022 ஜூலை 19 அன்று லண்டன் ஹீத்ரோவில் 40.2 டிகிரி பதிவானது. மூன்று பக்கமும் கடல் காற்று வீசும் பாம்பனில் மே மாதத்திலும் 40ஐத் தொடுவது அரிது. ஆனால் லண்டனுக்கு அது வரலாறு காணாத நாள். பாம்பனுக்கோ 30 டிகிரியும் பிசுபிசுப்பும் ஆண்டின் பெரும்பகுதி நாள்களில் வாடிக்கை. தண்ணீரை வற்றவைப்பது ஒரு நாள் உச்சம் அல்ல. விடாமல் அடிக்கும் இந்த அன்றாட வெயில்தான்.

காற்று: இரண்டு ஊருமே மலையின் பின்னால்

மழை மறைவுப் பகுதி என்ற சொல்லைப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். ஈரக்காற்று மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மழையாகிவிடும். மலையைத் தாண்டி இறங்கும் காற்றில் ஈரம் குறைந்திருக்கும். அப்படிக் காய்ந்த காற்று வந்து சேரும் பகுதியே மழை மறைவு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் கரையில் வீசும் கச்சான் காற்று இப்படிப்பட்டதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் கேரளத்துக்கு மழையை இறக்கிவிட்டு, புழுதியோடு இங்கே வந்து சேர்கிறது. இந்தியாவின் பெரும்பகுதி நனையும் அந்த நான்கு மாதமும் ராமநாதபுரத்துக்கு ஏறக்குறைய வறண்ட காலம். ஐப்பசியில் காற்று திசை மாறி வாடை வீசத் தொடங்கிய பிறகுதான் வங்கக் கடலின் ஈரம் நம் பக்கம் திரும்புகிறது. பாம்பன் மீனவர்களுக்கு இது வானிலை அறிக்கை பார்த்துத் தெரிய வேண்டியது அல்ல. வாடைக் காலத்தில் வடகடலான பாக் நீரிணை கொந்தளிக்கும், தென்கடலான மன்னார் வளைகுடா அடங்கும். கச்சான் காலத்தில் இது தலைகீழ். எந்தக் கரையில் வள்ளத்தை நிறுத்துவது என்பதே காற்றைப் பார்த்து எடுக்கும் முடிவு.

லண்டனும் ஒரு மழை மறைவுப் பகுதிதான் என்பது பலருக்கும் தெரியாத செய்தி. அங்கே காற்று பெரும்பாலும் மேற்கே அட்லாண்டிக் கடலிலிருந்து வருகிறது. அது முதலில் வேல்ஸ் மலைகளில் மோதுகிறது. அந்த மலைகளின் உச்சிப் பகுதிகளில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கும் அதிகமான மழை. கிழக்கே இறங்கி லண்டன் வரும்போது 600.

ஒரே மழையா இரண்டும்?

காற்று வரும் விதமே மழையின் குணத்தையும் தீர்மானிக்கிறது.

1. லண்டனின் மழைக்குப் பருவம் இல்லை. மாதத்துக்கு 40 முதல் 70 மி.மீ. என்று பன்னிரண்டு மாதமும் பெய்கிறது. ஆண்டில் ஏறத்தாழ 110 நாள்கள் மழை நாள்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக ஐந்தாறு மில்லிமீட்டர்தான். மண் அதை மெதுவாகக் குடித்துவிடும்.

2. ராமநாதபுரத்தின் மழையில் ஐந்தில் மூன்று பங்கு அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்ற மூன்று மாதத்துக்குள் வருகிறது. அதிலும் பெரும்பகுதி, தாழ்வு மண்டலம் நெருங்கும் சில நாள்களில் மொத்தமாகக் கொட்டுகிறது. அந்த வேகத்தில் மண் குடிக்க நேரமில்லை. மேட்டில் விழுந்தது பள்ளத்துக்கு, பள்ளத்திலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து கடலுக்கு.

3. தாழ்வு மண்டலம் எங்கே கரை கடக்கும் என்பது யார் கையிலும் இல்லை. அது நாகப்பட்டினத்தோடு நின்றுவிட்டால் நமக்குத் தூறல்தான். ஆகவே லண்டனில் ஆண்டுக்கு ஆண்டு மழை மாறுவதைவிட இங்கே அதிகமாக மாறுகிறது.

நம் விவசாயிகளின் நடைமுறை முழுவதும் இந்த மூன்றாவது காரணத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது. நாற்றங்கால் போட்டு, பறித்து, நடுவதற்கு இங்கே நீர் உறுதி கிடையாது. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணைப் புழுதியாக உழுது நெல்லை நேரடியாக விதைத்துவிடுகிறார்கள். முதல் மழை பொய்த்தால் விதை மண்ணோடு போகும். இதே மழை ஈரத்தை நம்பி வருவதுதான், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய். கடைசி ஈரம்வரை கணக்குப் போட்டுச் செய்யும் வேளாண்மை இது. இதைப் பின்தங்கிய முறை என்று எழுதுகிறவர்கள் இந்த மண்ணில் ஒரு புரட்டாசியைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

வானத்துக்குத் திரும்பும் தண்ணீர்

தண்ணீர்க் கணக்கில் வரவைவிடச் செலவு முக்கியம். திறந்த நீர்ப்பரப்பிலிருந்தும் மண்ணிலிருந்தும் பயிரிலிருந்தும் காற்று எவ்வளவு நீரை உறிஞ்ச வல்லது என்பதை ஆவியாகும் திறன் என்று சொல்கிறோம். லண்டனில் ஓர் ஆண்டின் ஆவியாகும் திறன் ஏறக்குறைய அதன் மழைக்குச் சமம். குளிர்காலத்தில் அது ஒன்றுமில்லாத அளவுக்குக் குறைந்துவிடும். அப்போது பெய்யும் மழையில் பெரும்பகுதி நிலத்துக்குள் இறங்கும். ராமநாதபுரத்தில் ஆவியாகும் திறன் மழையின் இரு மடங்கைத் தாண்டுகிறது.

ஒரு கண்மாயை எடுத்துக்கொள்வோம். தை மாதம் நடுவில் ஓர் ஆள் உயரத் தண்ணீர் நிற்கிறது. வெயில் நாளில் 6 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்தால், நூறு நாளில் 60 சென்டிமீட்டர் போய்விடும். யாரும் மடையைத் திறக்கவில்லை, யாரும் ஒரு குடம் அள்ளவில்லை. தொடையளவுத் தண்ணீர் வானத்துக்குத் திரும்பிவிட்டது. ஆழம் குறைந்து அகலம் கூடிய கண்மாயில் இந்த இழப்பு இன்னும் உறைக்கும், ஏனென்றால் அங்கே நின்றதே இடுப்பளவுதான். தூர் வாருவது என்பது வெறும் துப்புரவுப் பணி அல்ல என்று சொல்வது இதனால்தான். வண்டல் சேரச் சேர அதே அளவு தண்ணீர் மெல்லிய தகடாகப் பரந்து, வெயிலுக்கு அதிக முகம் காட்டுகிறது.

லண்டனில் பாறை, இங்கே கரை

இரண்டு ஊரையும் பிரிக்கும் உண்மையான கோடு இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

தேம்ஸ் ஆற்றுப் படுகையின் பெரும்பகுதிக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. நுண்துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த பாறை. குளிர்காலத்து மழை அதற்குள் இறங்கித் தங்கி, கோடையில் ஊற்றாகக் கசிந்து ஆற்றுக்கு வருகிறது. அதாவது, மழை இல்லாத மாதத்துக்குத் தண்ணீரைச் சேமித்துவைக்கும் வேலையை அங்கே இயற்கையே செய்துவிடுகிறது. 346 கி.மீ. நீளமுள்ள தேம்ஸ் கோடையிலும் ஓடுகிறது. 258 கி.மீ. நீளமுள்ள வைகைக்கு இந்த வசதி இல்லை. வருசநாட்டில் பிறந்து, தேனி, மதுரை, சிவகங்கை என்று எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கடைமடையான ராமநாதபுரத்துக்கு வரும்போது பெரும்பாலான மாதங்களில் வெறும் மணல்தான். ஆற்றங்கரை என்ற ஊரை ஒட்டி அது கடலைத் தொடுவது வெள்ளக் காலத்தில் மட்டும்.

கரையோர நிலத்தடி நீரும் பல இடங்களில் உப்பு. பெய்த மழை உள்ளே இறங்கினாலும் அந்த உப்போடு கலந்து குடிக்க உதவாமல் போகிறது. பாறை செய்யாத வேலையைக் கைகளால் செய்ய வேண்டியிருந்தது. அப்படி வந்தவைதான் இந்த மாவட்டத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள். பாசனத்துக்குக் கண்மாய், குடிப்பதற்கு ஊரணி என்று பிரித்தே வைத்திருந்தார்கள். வரத்துக்கால் வழியே தண்ணீர் வரும். கரை அதைத் தடுக்கும். மடை வழியே வயலுக்குப் போகும். நிறைந்தால் கலுங்கு வழிந்து அடுத்த ஊர்க் கண்மாயை நிரப்பும். ராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று சொல்வார்கள். ஒரு நாரையால் ஒரே மூச்சில் கடக்க முடியாத அகலம், நாற்பத்தெட்டு மடை. பெருமைக்காகச் சொல்வதாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கண்மாயின் கரை பல கிலோமீட்டர் நீளுகிறது.

இந்த ஏற்பாட்டின் பலவீனமும் அதன் பலத்திலேயே இருக்கிறது. கண்மாய்கள் சங்கிலி போலக் கோத்தவை. மேலே ஒரு வரத்துக்கால் சீமைக் கருவேலத்தால் அடைபட்டால், அல்லது ஓர் ஓடையில் வீட்டுமனை எழுந்தால், கீழே ஐந்தாறு ஊர்க் கண்மாய் சேர்ந்து காயும். சுண்ணாம்புப் பாறையை யாரும் பராமரிக்க வேண்டியதில்லை. கண்மாயை ஆண்டுதோறும் பராமரிக்க வேண்டும். ஊர்க் குடிமராமத்து நின்றபோது இந்த மாவட்டத்தின் நிலத்தடிப் பாறையே பெயர்த்தெடுக்கப்பட்டதாகத்தான் கொள்ள வேண்டும்.

மக்கள்தொகை: ஒரு தலைக்கு எவ்வளவு மழை?

2011 கணக்கெடுப்பில் ராமநாதபுரம் மாவட்ட மக்கள்தொகை 13,53,445. பரப்பு சுமார் 4,100 சதுர கி.மீ. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 330 பேர். 2021 கணக்கெடுப்பில் பெருநகர லண்டனில் சுமார் 88 லட்சம் பேர். பரப்பு 1,572 சதுர கி.மீ.; ஒரு சதுர கிலோமீட்டருக்கு 5,600 பேர். மாவட்டத்தையும் மாநகரத்தையும் ஒப்பிடுவது முழு நியாயம் ஆகாது. இருந்தாலும் மழைக் கணக்கு போட இந்த எண்கள் போதும்.

1. ராமநாதபுரம் மாவட்டத்தின் மேல் ஆண்டுக்குச் சராசரியாக விழும் மழை ஏறக்குறைய 120 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). வைகை அணையின் கொள்ளளவு சுமார் 6 டி.எம்.சி. இருபது வைகை அணை நிறையும் தண்ணீர் நம் தலைக்கு மேலிருந்தே இறங்குகிறது.

2. லண்டனின் மேல் விழுவது சுமார் 33 டி.எம்.சி.

3. தலைக்கு வகுத்தால், ராமநாதபுரத்தில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 25 லட்சம் லிட்டர். லண்டனில் ஒருவருக்குச் சுமார் 1 லட்சத்து 7 ஆயிரம் லிட்டர். இருபது மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

ஆனால் கோடையில் ஐந்தாறு குடங்களை வைத்துத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர் இந்த 25 லட்சம் லிட்டருக்குச் சொந்தக்காரரான ராமநாதபுரத்துப் பெண்தான். லண்டன்வாசி தன் தலையில் விழும் மழையைக் குடிப்பதில்லை. மேற்கே பல மாவட்டங்களில் பெய்த மழையைத் தேம்ஸ் சுமந்து வந்து தருகிறது. அதை ஏரிகளில் தேக்கிக் குழாயில் விடுகிறார்கள். நமக்கும் இப்போது குடிநீர் வெளியிலிருந்தே வருகிறது. திருச்சியிலிருந்து குழாய் வழியே வரும் காவிரி. வித்தியாசம், தேம்ஸ் தானாக ஓடி வருகிறது. காவிரியை மின்மோட்டார் தள்ள வேண்டும். மின்சாரம் நின்றாலும் குழாய் உடைந்தாலும் கடைசி ஊரில் தண்ணீர் நிற்கும்.

லண்டனுக்குக் கவலையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். லண்டனை உள்ளடக்கிய தென்கிழக்கு இங்கிலாந்தை அந்நாட்டு அரசு அமைப்பே கடுமையான நீர் நெருக்கடிப் பகுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. 2010இல் கிழக்கு லண்டனின் பெக்டனில் உப்பு நீரைக் குடிநீராக்கும் ஆலையையும் திறந்தார்கள். மழை ஊர் என்று பெயரெடுத்த லண்டனுக்கே இந்த நிலை.

இவ்வளவு பேர் அங்கே, இவ்வளவு பேர் இங்கே, ஏன்?

மக்கள் கூடுவதற்கு மழை காரணம் அல்ல, துறைமுகம் காரணம். ரோமானியர்கள் லண்டனை நிறுவியது கிறிஸ்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டில். அந்தக் காலத்திலேயே வைகை கடலில் சேரும் அழகன்குளத்தில் ஒரு துறைமுகம் இருந்தது; அகழாய்வில் ரோமானியப் பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஒரே காலத்தில் ஒரே வாணிக வலையில் இருந்த இரண்டு ஆற்றுமுகங்கள் இவை. தேம்ஸின் முகம் கடலின் ஏற்ற இறக்கமான ஓதத்தால் ஆழமாகவே இருந்தது. பெரிய கப்பல்கள் உள்ளே வந்தன. பாக் நீரிணையோ ஆழமற்ற கடல். ராமர் பாலத்தின் மணல் திட்டுகளைப் பெரிய கப்பல்கள் கடக்க முடியாமல் இலங்கையைச் சுற்றிப் போகின்றன. கப்பல் பெரிதாகப் பெரிதாக நம் கரை வணிகத்திலிருந்து விலகிப்போனது.

அதன் விளைவு மக்கள்தொகையில் தெரிகிறது. லண்டன்வாசிகளில் பத்தில் நால்வர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். கீழக்கரை, தொண்டி, பனைக்குளம் போன்ற ஊர்களிலோ வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வேலைக்குப் போன ஆள் இல்லாத வீடு குறைவு. 330 என்ற நெருக்கத்தைப் பார்த்து நிலம் காலியாகக் கிடக்கிறது என்று யாராவது சொன்னால், இந்த எண்ணுக்குள் வராத, கடல் தாண்டிச் சம்பாதிக்கும் கைகளையும் சேர்த்து எண்ணச் சொல்ல வேண்டும்.

கடலோர ஊற்று

இந்தக் கணக்குகள் எல்லாம் ஒரு சாண் மண்ணில் தெரியும் இடம் ஒன்று உண்டு. தனுஷ்கோடிப் பக்கம், அலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் மீனவக் குடும்பங்கள் மணலைத் தோண்டி ஊற்று எடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் கடல். நடுவில் நல்ல தண்ணீர். மணலில் இறங்கிய மழைநீர் உப்பு நீரைவிட எடை குறைந்ததால் அதன் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கணக்குப்படி கீழே சுமார் நாற்பது அடி வரை அது உப்பு நீரை அழுத்தி வைத்திருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறி வரும்.

மோட்டார் வைத்து உறிஞ்சினால் சில நாளில் கரிக்கும். அதனால் அங்கே அவசரப்படுவதில்லை. குழிக்குள் குனிந்து, அடியில் கசிந்து சேரும் வரை காத்திருந்து, சிரட்டையால் மேல் நீரை மட்டும் கோரிக் குடத்தில் ஊற்றுகிறார்கள். ஐப்பசியில் கொட்டிய மழைதான் சித்திரையில் அந்தச் சிரட்டையில் வருகிறது.